மஞ்சள் எட்டு, மஞ்சள் பன்னிரண்டு

ரஸ்க் பாக்கெட்டுக்கு ஒரு நிறம் வேண்டும்
என்றார் டென்சிங்.
வெள்ளை கூடாது, மருந்து டப்பா மாதிரி இருக்கும்.
மஞ்சள் கூடாது, பக்கத்துக் கடை சோப்பு அந்த நிறம்.
"நடுவுல ஒண்ணு போடுங்க மேடம்.
பார்த்தா டீ ஞாபகம் வரணும்.
ஆனா டீ கலரும் வேணாம்."

நடுவில் ஒன்று இல்லை.
நடுவில் இரண்டு இருந்தன.

ஒன்றில் மஞ்சள் எட்டு, மஜந்தா மூன்று.
மற்றதில் மஞ்சள் பன்னிரண்டு, மஜந்தா நான்கு.
கோப்புக்குப் பெயர் வேண்டுமே என்று
முதலாவதைப் பாலாடை என்றேன்,
இரண்டாவதை உரித்த கடலை.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து
சோதனைப் பிரதிகள் ஒரே குழாயில் சுருண்டு வந்தன.
அயனாவரம் மாடியறையில் விரித்து
மூலைக்கொரு ரஸ்க் பாரம் வைத்தேன்.
பதினொரு மணிக்குப் பாலாடைதான், சந்தேகமேயில்லை.
மூன்று மணிக்கு எதிர்வீட்டு ஆரஞ்சுச் சுவர்
வெயிலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டதும் கடலை.
ட்யூப்லைட்டில் இரண்டுக்கும் காய்ச்சல்.
கரண்ட் போய் இன்வெர்ட்டர் விளக்கு வந்தபோது
ஒரே தாளை யாரோ தவறி
இரண்டு முறை அனுப்பியது போலிருந்தது.

சொல்ல விட்டுப்போயிற்று.
மூன்று வாரம் முன்பு வலது கண்ணில் புரை எடுத்தார்கள்.
அறுபத்தொரு வயது லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு
மடித்த புதியது ஒன்றை உள்ளே விரித்தார்கள்.
கட்டுப் பிரித்த காலையில்
நர்ஸ் போட்டிருந்த கோட்டில் அவ்வளவு நீலம்.
"புதுசா?" என்று கேட்டேன்.
"அதே கோட்டுதாம்மா, ரெண்டு வருஷமா."
இடது கண்ணுக்கு அடுத்த செவ்வாய் தேதி.

ஆகவே இப்படி:
இடதை மூடினால் கடலை பாலாடையாகிறது.
வலதை மூடினால் பாலாடை கடலையாகிறது.
இரண்டையும் திறந்தால்
தாள்கள் இரண்டு, நிறங்கள் நான்கு,
அவற்றில் நடு இரண்டும் ஒன்று.

ரெஹானா ஞாபகம் வந்தாள்.
என்னிடம் வேலை பார்த்தபோது ஒரு கல்யாணப் பத்திரிகையைக் காட்டி
"மேடம், இது வெறும் வெள்ளை" என்றாள்.
உன் மானிட்டரைச் சரிபண்ணு என்றேன்.
அடுத்த மாதம் ஓஎம்ஆர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.
எத்தனை வருஷம்,
எத்தனை பத்திரிகை, ஊதுபத்திக் கூடு, கிளினிக் ஃபைல்,
எனக்கு இதமாகத் தெரிந்தவை
ஊருக்கு வெள்ளையாகவே போயிருக்கின்றன.
ஒருவரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.
அதை நினைத்து நிம்மதியா அவமானமா
என்று இன்னும் பிடிபடவில்லை.

போன் செய்தேன்.
பிரதிகளைப் படமெடுத்து அனுப்பினேன்.
"மேடம், போன்ல எப்படிக் கலர் பார்க்கிறது?"
நான் சொல்லிக்கொடுத்த பாடம், என்னிடமே.
பிறகு கொஞ்சம் பொறுத்து,
"எந்த லைட்ல விக்கப் போறாங்க?"

அது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு மாலை டென்சிங் கடைக்குப் போனேன்.
கண்ணாடி அலமாரிக்குள் வரிசையாக மஞ்சள் பல்பு.
"பன்னு சூடா தெரியணும்ல மேடம்."
அந்த வெளிச்சத்தில் பன், பில், அவர் பனியன்,
கல்லாவில் கிடந்த பத்து ரூபாய் நாணயம்,
எல்லாமே என் இடது கண்.
வலதைக் கொண்டு பார்த்தும் பயனில்லை.
கடைக்கே புரை.

மஞ்சள் எட்டை அனுப்பிவிட்டேன்.
மீதி நான்கை அந்தப் பல்பு போட்டுக்கொள்ளும்.
கடலைக் கோப்பை அழிக்கவில்லை,
இடமா இல்லை.

செவ்வாய் ஆறரைக்கு வரச் சொன்னார்கள்.
ஆட்டோவில் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.
கீழ்ப்பாக்கம் தாண்டும்வரை
காம்பவுண்டுச் சுவர், பால் பூத், மூடிய ஷட்டர்,
இஸ்திரி வண்டியில் தொங்கிய சட்டைகள்,
எல்லாம் உரித்த கடலை.

"கண்ணுல தூசியாம்மா?" என்றார் டிரைவர்.
ஆமாம் என்றேன்.