ஏழாம் கேள்வி

மாகாணத் தலைநகரிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
ஏழாம் கேள்வி:
உங்கள் ஊரிலுள்ள வெளிப்புறப் பொழுதுபோக்கு வசதிகள் யாவை?
பதிலுக்கு மூன்று கோடுகள் விட்டிருக்கிறார்கள்.
பிராண்ட்வாலுக்கு அதுவே அதிகம்
என்று எண்ணியிருப்பார்கள்.
நூற்றுப் பதினெட்டுப் பேர், ஒரு தானியக் கிடங்கு,
ரயில் நிற்காத தண்டவாளம்,
மிச்சமெல்லாம் கோதுமையும் வானமும்.

முதல் கோட்டில் எழுதினேன்:
கோல்ஃப் மைதானம், ஒன்பது குழிகள்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
ஆனால் படிக்கிறவர் புல்லை நினைத்துக்கொள்வார்,
கத்தரித்த பச்சையை, தண்ணீர் பீச்சும் குழாய்களை.
இங்கே தண்ணீர் ஆடுகளுக்கே போதவில்லை.
எங்கள் குழிகளைச் சுற்றி மணல்தான்,
காற்று வாரிக்கொண்டு போகாதபடி
சமையல் எண்ணெய் விட்டுப் பிசைந்த மணல்.
ஜூலை வெயிலில்
மைதானம் முழுக்கக் கழுவாத வாணலியின் வாசம்.

கட்டணம் ஐந்து டாலர். வசூலிக்க ஆளில்லை.
வாசல் கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி, சாவி என்னிடம்.
திங்கட்கிழமை திறந்தால்
நாணயங்களுக்கு நடுவே சட்டைப் பொத்தான் கிடக்கும்,
ஒருமுறை ஒரு பால்பல்.
'அறுவடை முடிந்ததும் தருகிறேன் - ஓ.'
என்றொரு துண்டுச் சீட்டு மூன்று வருஷமாக இருக்கிறது.
அறுவடை என்னவோ
வருஷா வருஷம் முடிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஓ என்றால் ஓரெஸ்ட் ஹ்ரின்கிவ்.
ஆறாம் குழிக்கு வேலியடுத்த வயல் அவருடையது.
போன செப்டம்பர், மழை வருமென்று
ஊரே ராத்திரியில் அறுத்துக்கொண்டிருந்தபோது
இயந்திரத்தை அணைக்காமல் இறங்கினார்.
அதன் விளக்கு வெளிச்சத்தில்
மூன்று பந்து அடித்தார்.
மூன்றும் தவறின.
ஏறிப் போய்விட்டார்.
இவரைப் 'பயனாளர்' என்று எழுதலாமா?
எழுதினால் எந்தக் கட்டத்தில்?

ஏழாம் குழியருகே தரையணில் இன்னொரு குழி தோண்டிவிட்டது.
மூடுவதா வேண்டாமா என்று கூட்டம் போட்டோம்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா டீட்ஸ்
'நம்முடையதைவிட நன்றாகவே தோண்டியிருக்கிறது' என்றாள்.
பதினொன்றுக்கு நான்கு:
எந்தக் குழியில் விழுந்தாலும் விழுந்ததுதான்.
அணில் குழியில் விழுந்த பந்து மட்டும்
போனது போனதுதான்.

இரண்டாம் கோடு: பனிச்சறுக்கு மேடு.
கைக்கெட்டும் தூரத்தில் மேடு என்று உள்ளது அது ஒன்றே.
அதையும் நாங்கள்தான் உண்டாக்கினோம்,
நாற்பது வருஷக் குப்பையால்.
மேலே மண், அதன்மேல் பனி, அதன்மேல்
லாரி டியூபில் அலறிக்கொண்டு
டெலோர்ம் வீட்டு இரட்டையர்.
எங்கள் பழைய அடுப்புகள், கட்டில்கள்,
யாரோ ஒருவரின் பியானோ
எல்லாவற்றின்மேலும்
அவர்கள் வழுக்கிக்கொண்டு போகிறார்கள்.

எட்டாம் கேள்வி:
ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை பேர்?

எண்ணலாமென்று மாலையில் நடந்து போனேன்.
மணலில் தடம் இருக்குமே.
ஒன்றுகூட இல்லை.
ஆட்டம் முடித்தவர் இரும்புக் குழாயைச் சங்கிலியில் கட்டி
குழியிலிருந்து சுற்றிச் சுற்றி வெளிநோக்கி இழுத்து
வந்த தடம், நின்ற தடம்,
தவறவிட்டுக் காலை உதைத்த தடம்
அத்தனையும் அழித்துவிட்டுத்தான் போக வேண்டும்.
அடுத்து வருகிறவருக்கு
இதுவரை யாருமே வராத இடம்போல் இருக்க வேண்டும்.
எழுதி வைக்காத விதி.
ஓரெஸ்ட்கூட அன்றைக்கு
மழைக்கு முன்னால் இழுத்துவிட்டுத்தான் ஏறினாராம்.

இருபத்தாறு வருஷம் இந்த ஊர்க் கணக்கை எழுதுகிறேன்,
ஒருநாளும் மட்டையைத் தொட்டதில்லை.
திரும்பிப் பார்த்தால் மணல் முழுக்க
என் பூட்ஸ் தடம்,
ஆள் எண்ண வந்தவளின் தடம்.

குழாயை எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம்.
சுற்றச் சுற்ற வட்டம் பெரிதானது.
கடைசிச் சுற்றில் வெளிச்சம் போய்விட்டது.

வாசலில் நின்று
பெட்டிக்குள் ஐந்து டாலர் போட்டேன்.
திங்கட்கிழமை நானேதான் எடுப்பேன்.

மூன்றாம் கோடு இன்னும் காலியாக இருக்கிறது.