ஒன்று புள்ளி நான்கு

எல்லிஸ் சாலையில் இலியாஸின் கடை மாடியில்.
படியேறுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது.
உள்ளே ஏசி. பச்சை வெல்வெட் துணியில்
இரண்டு கறுப்புக் குழல்களை
நகைக்கடைக்காரர் மாதிரி எடுத்து வைத்தார்.

எண்பத்தைந்து.
நூற்று முப்பத்தைந்து.

இரண்டும் பழசு. யாரோ ஒருவரின்
முகூர்த்த நாட்களை எல்லாம் பார்த்து முடித்தவை.
டார்ச் அடித்து உள்ளே காட்டினார்:
"பூஞ்சை இல்ல, பாத்துக்குங்க.
மெட்ராஸ்ல லென்ஸ் வச்சிருக்கிறதும்
அப்பளம் வச்சிருக்கிறதும் ஒண்ணுதான் மேடம்."

ஏழு மாதமாகக் கணக்குப் போடுகிறேன்.
கேமராவோடு வந்த லென்ஸில் நான் எடுத்த
எல்லா மணப்பெண்ணின் தலைக்குப் பின்னாலும்
ஒரு டியூப்லைட்,
ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர்,
வாயில் பல்குச்சியோடு ஒரு சித்தப்பா.
எல்லாம் அவளுக்குச் சமமான தெளிவில்.
அவர்கள் கரைய வேண்டும்.
அவ்வளவுதான் என் ஆசை.
அதற்கு விலை அறுபத்தெட்டாயிரம்.

"கீழ போய் எடுத்துப் பாருங்க" என்றார்,
என் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு.

வெளியே வந்ததும் லென்ஸின் முகம் வெளுத்தது.
குளிரிலிருந்து வரும் கண்ணாடிக்கு
இந்த ஊர் முதலில் தருவது தன் மூச்சை.
துடைக்கக் கூடாது. நின்றேன்.
நாலு நிமிஷம் சாலை முழுக்க நீர்மோர்.

"சும்மாதானே நிக்கிற, என்னை எடேன்" என்றாள்
நடைபாதையில் மொபைல் கவர் விற்பவள்.
பெயர் ஏகவல்லி.

முதலில் நூற்று முப்பத்தைந்து.
அவள் தலையும் காலும் ஃபிரேமுக்குள் வர
பின்னால் போனேன், இன்னும் பின்னால்,
சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம்.
நடுவில் இரண்டு ஆட்டோ, ஒரு தண்ணீர் லாரி.
"கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்க" என்று கத்தினேன்.
மூன்று பேர் திரும்பினார்கள், அவளைத் தவிர.
கிடைத்த ஒரே படத்தில்
யாரும் பார்க்காதபோது அவளுக்கு இருக்கும் முகம்.
அழகு. கொஞ்சம் திருட்டு.
பெரம்பூரில் என் அறை பதினோரு அடி;
இதில் இடுப்புவரை எடுக்க
நான் பாத்ரூமுக்குள் நிற்க வேண்டும்.

பிறகு எண்பத்தைந்து.
நாலடி தூரம். பேச்சுக்குரலே போதும்.
மூக்குத்தியோரம் வேர்வை தெரிந்தது.
இன்னும் கிட்டே போனேன்.
லென்ஸ் முன்னும் பின்னும் தவித்து நின்றுவிட்டது:
இரண்டே முக்கால் அடிக்கு இப்பால் வராதே.
என் அக்காவுக்கும் இதே சட்டம் உண்டு.

ஒன்று புள்ளி நான்கு.
வலது கண்ணில் இமைமயிர் ஒவ்வொன்றாக.
இடது கண் அரை அங்குலம்தான் பின்னால்,
அதற்குள் ஞாபகமறதி.
கவர்கள் எல்லாம் ஆரஞ்சும் நீலமுமாய் வட்டங்கள்.
நான் கேட்ட அதே கரைசல்.

பெருமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கேன்."
பிறகு, "என் கடை எங்க?"

"மாநகராட்சிக்கு ஒன்றரை வருஷம் அலைஞ்சு
வியாபாரி அட்டை வாங்கினேன்.
அந்த போர்டு என் பேர்ல எழுதினது.
பஜ்ஜிமாவு கரைக்கிற மாதிரி கரைச்சிட்டியே."

சக்கரத்தைத் திருப்பினேன்.
ஐந்து புள்ளி ஆறு. எட்டு.
பலகையின் எழுத்துகள்
ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து தலை தூக்கின.
கூடவே வந்தன மின்கம்பிகள்,
பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்,
பைக்கில் சாய்ந்து காது குடையும் ஒருவர்.
பழைய லென்ஸே எடுத்துத் தந்திருக்கும் இதை.
"ஆங், இதான். இதை அனுப்பு" என்று
நம்பர் சொன்னாள், இரண்டு தடவை.

மாடிக்குப் போய் எண்பத்தைந்தைத் தொட்டேன்.
கார்டில் பன்னிரண்டு தவணை,
முதல் தவணை ஐந்தாம் தேதி.
"நல்லதாப் பாத்து எடுத்தீங்க.
முழுசாத் திறந்து வச்சா
பின்னாடி எதுவும் தெரியாது மேடம்" என்றார் இலியாஸ்.

"தெரியும்" என்றேன்.

பில் போட்டார்.
சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு
சும்மா தந்தார்.