வாளி

சேந்தங்கரைப் பாலம் விழுந்த மூன்றாம் நாள்
வெட்டாற்றங்கரையில் மிச்சம் நின்றவை
இரண்டு கல்.
அடிக்கல்லில் அந்தக் கட்சி அமைச்சர்,
திறப்புக் கல்லில் இந்தக் கட்சி.
பதினோரு வருஷப் பாசி, போஸ்டர் பசை.
எந்தப் பெயரும் எவனுக்கும் தெரியாது.

காலையில் இவர்கள் வந்தார்கள்.
"அண்ணே, ஒரு வாளி."
டீக்கடை வாளி, கொடுத்தேன்.
ஆற்றிலேயே மொண்டு
தேங்காய் நாரால் தேய்த்து
அவர்கள் பெயரைப் பளிச்சென்று துலக்கினார்கள்.
டிவி கேமரா வந்ததும்
"படிங்க சார், நல்லாப் படிங்க."

மத்தியானம் அவர்கள்,
சோப்புத்தூளோடு.
இவர்கள் பெயர், தேதி, நேரம்,
முன்னிலை வகித்த ஒன்றியச் செயலாளர் வரை
ஓரெழுத்து விடாமல் கழுவினார்கள்.
சொந்தத் தலைவர் பெயரைக்கூட
இத்தனை பக்தியாய் எவனும் தொட்டு
நான் பார்த்ததில்லை.

குஞ்சிதபாதத்தின் மினிலாரி
இன்னும் தலைகீழாய்த்தான் கிடக்கிறது.
ஏற்றிவந்த நாற்றுக்கட்டு அவிழ்ந்து
மூன்றாவது தூணைச் சுற்றிப்
பச்சையாய் நிற்கிறது,
யாரோ நட்டது போல.
அவன் மனைவி செண்பகவல்லி
ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி
யாரைக் கேட்பது என்று கேட்டாள்.
இவர்கள் அந்தப் பக்கம் கை காட்டினார்கள்.
அவர்கள் இந்தப் பக்கம்.
நடுவில் ஆறு,
அதைக் கடக்கப் பாலம் இல்லை.

சாயங்காலம் கிளாஸ் கழுவ
வாளியைத் தேடினேன்.
இவர்களைக் கேட்டால்
அவர்களிடம் இருக்கும் என்கிறார்கள்.
அவர்களிடம் போனேன்.
"நாங்க வாங்குறப்பவே
அது ஓட்டைங்க."