இரண்டு முறை பொரிக்கிற நேரம்

கேட்டுவிட்டீர்கள். இனி இது வேகும்வரை
நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.
கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், எண்ணெய் தெறிக்கும்.

ஆமாம், வெள்ளிதான்.
இந்த மோம்போஸிலேயே செய்தது.
படகுத்துறையிலிருந்து மூன்றாவது தெரு, பச்சைக் கதவு.
வில்ஃப்ரிதோ என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.
யாருக்கு வாங்குகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
அவரும் கேட்கமாட்டார்.

முகப்பைப் பார்த்து மயங்காதீர்கள்.
திருப்பி முதுகைப் பாருங்கள்.
பற்றாசு கட்டிகட்டியாகத் திரண்டிருந்தால்
கீழே வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசுங்கள்.
கைக்குட்டைமேல் மெல்ல இழுத்துப் பாருங்கள்,
இன்று நூலைப் பிடிப்பது நாளை முடியைப் பிடிக்கும்.

பேரமா?
மயிரிழைக் கம்பி இரண்டை முறுக்கி, தட்டி,
நத்தையாகச் சுருட்டி ஓர் இதழுக்குள் அடைக்க
அவருக்கு வானொலிக் கால்பந்தில் ஒரு பாதி ஆகும்.
என் லோலாக்கு ஜோடியில் பதினான்கு இதழ்.
ஏழு ஆட்டம், ஐயா.
முட்டைக்குப் பேரம் பேசுகிறவரைக் கண்டால்
எனக்கே கரண்டியை ஓங்கத் தோன்றும்.
வாய் திறக்காமல் ஐந்து தவணையில் கொடுத்தேன்.

பார்த்தீர்களா, உப்பிவிட்டது.
இப்போது எடுத்து, விளிம்பில் கீறி,
முட்டையை உள்ளே ஊற்றி, வாயை மாவால் மூடி,
மறுபடி எண்ணெயில்.
முதல் பொரிப்பு சோளத்துக்கு,
இரண்டாவது முட்டைக்கு.

எங்கே விட்டேன்?
பதினைந்தாம் நாள் கறுத்துப்போயிற்று.
கரிச்சட்டியின் அடிபோல.
பொய்யன், தகரம் விற்கிறவன் என்று
அவர் வாசலில் நின்று கத்தினேன்.
உள்ளே இருந்த வெளிநாட்டுக்காரர் இருவர்
கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தார்கள்.
அவர் லோலாக்கை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.
பிறகு, அனுமதி கேட்டு, என் விரல்களை.

"ஒரு நாளைக்கு எத்தனை முட்டை?"

நூற்றிருபது.

"கந்தகம், தெயானிரா. உங்கள் முட்டையும் என் வெள்ளியும்
பேசிக்கொண்டிருக்கின்றன.
எவர்சில்வரைத் தந்திருந்தால்
கடைசிவரை பளபளவென்று பொய் சொல்லியிருக்கும்."

பொரிக்கும்போது கழற்றிவையுங்கள் என்றார்.
விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு பற்றவைக்கிறவள்
வேறு எப்போது போட்டுக்கொள்வது, தூக்கத்திலா?

அதனால் ஓர் ஏற்பாடு.
திங்கட்கிழமை கூட்டம் குறைவு, கழற்றிக் கொடுப்பேன்.
வெந்நீர், சோடா உப்பு, ஒரு துண்டு அலுமினியத் தாள்,
பிள்ளைகள் பல் துலக்கும் பிரஷ்.
பற்பசை கூடவே கூடாது, அது மணலுக்குத் தம்பி.
ஈரம் போக இழை இழையாக ஊதுவார்,
கன்னம் சிவக்கும்.
கூலி ஓர் அரேபா, மிளகாய்ச் சாறு தனியாக.
வேறொன்றும் இல்லை.
சிரிக்காதீர்கள்.

போன வருடம் மக்தலேனா தெருவுக்குள் வந்தபோது
ஆறு வாரம் நான் போகவில்லை.
அவர் தோணியில் வந்தார். பசியாம்.
காதில் தொங்கிய கரியைப் பார்த்தார்,
பிரஷ்ஷும் இல்லை, சோடாவும் இல்லை,
சட்டை நுனியால் மேலே மட்டும் துடைத்தார்.
அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

குனிகிறேன், நீங்களும் பாருங்கள்:
புதிதில் கண் கூசியதே தவிர ஓர் இதழும் தெரியவில்லை.
இப்போது நரம்புகூடத் தெரிகிறது.
அன்றிலிருந்து பள்ளத்துக் கறுப்பை அவர் தொடுவதில்லை.
கார்த்தஹேனா சீமாட்டி ஒருத்தி
நூறு வருடத்துப் பழசு என்று நம்பி
இரட்டை விலைக்கு நின்றாள்.
மூன்றே வருடம், நாளுக்கு நூற்றிருபது முட்டை,
கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

நீங்கள் வாங்கிக் கொடுப்பவரிடம் சொல்லுங்கள்:
வாசனைத் தண்ணீர் முதலில், நகை கடைசியில்.
டப்பாவுக்குள் ஒரு துண்டு சாக்பீஸ், ஈரத்தை அது குடிக்கும்.
இல்லை, டப்பாவே வேண்டாம்.
போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தாருங்கள். நாலாயிரம் பெசோ.
நடுவில் கடிக்காதீர்கள், மஞ்சள்கரு நாக்கைச் சுடும்.
ஓரத்திலிருந்து.