கழிவு

கோயம்புத்தூர் லாரியில் மூன்று மரப்பெட்டிகள் வந்தன.
களக்காட்டு மண்டியில் ஏத்தன் தார்களுக்கு நடுவே
இறக்கிவைத்துவிட்டுப் போனான்.
இருநூற்றுப் பதினாலு உருப்படி என்றது சீட்டு.
எண்ணினால் இரண்டு குறைகிறது:
ஸ்டியரிங்கில் ஒரு முட்டு, பிரேக் பெடலில் ஓர் ஊசி.
"இது ரெண்டும் இல்லேன்னா வண்டி
நேரா பச்சையாறு அணைக்குள்ளதான் போய் நிக்கும் அண்ணாச்சி,"
என்றான் தாவீது. லேத்தில் அவனே கடைந்தான்.

சதுரக் குழாயில் சட்டகம்.
தார் ஏற்றுகிற பையன்கள் இருவர்
ஆளுக்கொரு முனை தூக்கிப் பார்த்து
"இம்புட்டுத்தானா?" என்றார்கள்.
இம்புட்டுத்தான்.
கதவு கிடையாது, கூரை கிடையாது,
மழை வந்தால் மழை.

எஞ்சின் வள்ளியூர் பழைய இரும்புக் கடையில்,
கவிழ்ந்த ஜிப்ஸியிலிருந்து கிடைத்தது.
அதன் டாஷ்போர்டுக்குள் குற்றாலத்து வாகன நிறுத்த ரசீது,
ஒன்பது சாரலுக்கு முந்தியது.

ஒயர் வேலைக்கு மைமூன், ஏர்வாடியிலிருந்து.
இடுக்கியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவாள்.
ஹாரனைக் கழற்றி என் கையில் வைத்தாள்:
"நானூறு கிராம். அங்க யாரு குறுக்க வரப் போறா?"

அன்றைக்குத் தொடங்கியது பித்து.
சீட்டுக்குள் நுரை போனது.
போல்ட்டில் நட்டுக்கு வெளியே நீட்டிய நுனியெல்லாம் அறுத்தோம்.
பெயிண்ட் மூன்று கிலோ என்றார்கள்,
தகரம் தகரமாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.
இரும்புப் பட்டைகளில் தாவீது ஓட்டை போட்டான்,
இடியாப்ப அச்சு மாதிரி.

எனக்கு இது புதிதல்ல.
மண்டியில் நான் கழிவு போடுகிறவன்.
தாருக்கு ஒன்றரைக் கிலோ, தண்டுக்காக.
பத்மநேரி சங்கரபாண்டி ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"தண்டு இல்லாம தாரு எதுல வே தொங்கும்?"
நான் பேனாவை மூடிவிடுவேன்.

தார் நிறுக்கும் தராசு நான்கை இழுத்துவந்து
சக்கரத்துக்கு ஒன்று.
சிவப்பு எண்கள் கொஞ்சநேரம் துடித்து நின்றன.
கூட்டினால் ஐந்நூற்றுப் பதினாலு.
கைதட்டினோம்.
பிறகு நான் ஏறி உட்கார்ந்தேன்.
வலது பின்சக்கரம் நூற்றெழுபத்தைந்து காட்டியது.
தாவீது நோட்டில் எழுதினான். ஒன்றும் சொல்லவில்லை.

ராதாபுரத்துக்குத் தெற்கே, காற்றாலை இறக்கைகளை
அடுக்கிவைக்கிற கான்கிரீட் களம். ஆனி ஞாயிறு.
இறக்கைகள் போய்விட்டன, காவலாளி தூங்கப் போய்விட்டார்.
நீல பிளாஸ்டிக் கூடைகளைக் கவிழ்த்து எட்டு வளைவு போட்டோம்.

உட்கார்ந்தால் தரை விரல்தொடும் தூரம்.
முதல் கியரிலேயே கழுத்து பின்னால் போனது.
இரண்டாவது வளைவில் மேல்காற்று விலாவில் ஒரு குத்துவிட
வண்டி ஒரு முழம் நகர்ந்து,
நானில்லாமல் யோசித்து, திரும்பி வந்தது.
கத்தினேன். சிரிப்பா பயமா தெரியாது,
ஹெல்மெட்டுக்குள் எல்லாம் ஒரே சத்தம்தான்.
ஐம்பத்தாறு வினாடி நாலு.
பத்துச் சுற்று போயும் அதே ஐம்பத்தாறு.

மைமூன் துப்பட்டாவை இறுக்கி முடிந்து
ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.
அதே டயர், அதே பெட்ரோல்.
மூன்றாம் சுற்றில் ஐம்பத்து மூன்று வினாடி ஒன்று.

தாவீது நோட்டை நீட்டினான்.
ஹாரன், நுரை, போல்ட்டு நுனி என்று போன பட்டியலில்
கடைசி வரி, பென்சிலில்:
அண்ணாச்சி, 94.

"தண்டு இல்லாம தாரு எதுல வே தொங்கும்?"
என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

மூன்றாவது வளைவின் கூடையைக்
காற்று தூக்கித் தூக்கி எறிந்துகொண்டிருந்தது.
கல் வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை.
நடந்துபோய்
அதன்மேல் நான் உட்கார்ந்தேன்.
வேட்டி படபடத்தது, கூடை அசையவில்லை.

அவள் வருகிற சத்தம் முதலில் கேட்டது.
பிறகு என்னை ஒட்டி, வெகு அருகே,
பிரேக்கைத் தொடாமல்
திரும்பிப் போனாள்.