நுரை இல்லாத இடம்

சராவுட்ஸ் கடற்கரையில் அக்டோபர் பிறந்தால்
காவல் நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள்.
கொடிக்கம்பம் மட்டும் நிற்கும், கொடியில்லாமல்.
இரவெல்லாம் ரொட்டி மாவு பிசைந்த கைகள்
காலை எட்டரைக்கு
வாடகைப் பலகையைக் கட்டிச் சுமந்து வந்தன.
நகக்கண்ணில் இன்னும் மாவு.

அது என் ஆறாவது நாள்.
ஐந்து நாளில் நான் கற்றுக்கொண்டது விழுவதற்கு மட்டும்:
தலை முதலில் அல்ல; தட்டையாக,
மேசையில் மாவுருண்டையை அறைவதுபோல.
மேலே வரும்போது முகத்துக்கு முன்னால் முழங்கை.
ஏனென்றால் பலகை நம்மைத் தேடி வரும்,
கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி,
ஆசையோடு,
மூக்கை உடைக்க.

வாடகைக் கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்.
இறங்குமுன் கால் மணி நேரம் கடலைப் பார் என்று முதல் வரி.
நான் பார்த்தது மூன்று நிமிடம்.
குளிர்.

அலைகள் வரிசையாய் உடைந்துகொண்டிருந்தன,
வெள்ளை வெள்ளையாய், காது அடைக்க.
நடுவில் ஒரு சந்து.
நாலு பேருந்து அகலம்.
அங்கே நுரை இல்லை, இரைச்சல் இல்லை,
கொஞ்சம் கலங்கல், மேலே லேசான சுருக்கம், அவ்வளவுதான்.
இதுதான் வாசல் என்று நினைத்தேன்.
வாசல்தான்.
வெளியே போகிற வாசல்.

நான் கை போடவே இல்லை, கரை போய்க்கொண்டிருந்தது.

கரைக்கு வந்த அலையெல்லாம்
அப்புறம் எங்கே போகிறது என்று
நாற்பத்து மூன்று வயதுவரை நான் யோசித்ததில்லை.
கொண்டுவந்து கொட்டிய தண்ணீரைக் கடல்
எங்காவது ஒரு மடை திறந்துதான் விடவேண்டும்.
அந்த மடைவாயில் போய்ப் படுத்திருக்கிறேன்.

இடப்பக்கம் இன்னொருவர்.
தெரிந்த முகம். ரயிலில் டிக்கெட் பார்ப்பவர்.
தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து, நேராக,
இரண்டு கையாலும் கடலை வாரி வாரிப் பின்னால் தள்ளுகிறார்.
தலை தூக்கிப் பார்ப்பார்.
கோபுரம் சின்னதாகியிருக்கும்.
மறுபடி வாருவார்.
பிறகு எழுந்து உட்கார்ந்து
கணுக்கால் பட்டையில் கை வைத்தார்,
பலகையை விட்டுவிட்டு நீந்திவிடலாம் என்று.

'கழற்றாதே!'
மூன்று தடவை கத்தினேன். ஒருமையில்.
(கரையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.)

அவரைவிட எனக்கு அதிகம் தெரியாது.
காகிதத்தின் ஒன்பதாவது வரி நினைவிருந்தது:
பலகையை விடாதே, அதுதான் உன் படகு.
அதற்கு மேலே மசாலா மீன் விளம்பரம் ஒட்டியிருந்ததும்.

சும்மா கிடந்தோம்.
சும்மா கிடப்பது எவ்வளவு கடினம் தெரியுமா,
இதயம் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது.
அவர் பல் கிட்டியது. நான் மூச்சை எண்ணினேன்.
கெத்தாரியாவின் எலிமலை
ஓரத்தில் குந்தி எங்களைப் பார்த்தது.
இழுப்பு கொஞ்சம் தளர்ந்ததும்
கரைக்கு அல்ல, கரையோடு ஒட்டிய திசையில்
பக்கவாட்டில் கை போட்டோம்,
எந்த இரைச்சலுக்குப் பயந்து ஒதுங்கினோமோ
அந்த இரைச்சலை நோக்கி.

நுரை பின்னாலிருந்து வந்து இடித்தது.
எழுந்து நிற்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.
வயிற்றில் படுத்து, ஓரங்களை இறுக்கி,
மூக்கில் உப்பு, கண்ணில் உப்பு,
மணல் தொடையில் உரசும்வரை வந்தோம்.
கோல்ஃப் மைதானத்துக்கு எதிரே.
என் பை அரை கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்தது.

தண்ணீரில் பெயர் கேட்கத் தோன்றவில்லை.
எனெகோ என்றார்.
ஐனிசே என்றேன்.
நேற்றைய ரொட்டியைப் பாதியாய்ப் பிய்த்தேன்.
அவர் கை நடுங்கி அவர் பாதி மணலில் விழுந்தது.
மணலோடு தின்றார்.

மறுநாளும் போனேன்.
கடிகாரம் பார்த்துக் கால் மணி நேரம் நின்றேன்.
பத்தாவது நிமிடத்தில்தான் அந்தச் சந்து கண்ணில் பட்டது.
நேற்றைய இடத்தில் இல்லை.
இருநூறு அடி மேற்கே நகர்ந்து
அதே சாதுவான முகத்தோடு படுத்திருந்தது.

எனெகோ படியிறங்கி வந்தார், பலகை இல்லாமல்.
கழுத்தில் ரயில்வே விசில்.
'இன்றைக்கு நீங்கள் இறங்குங்கள், நான் பார்க்கிறேன்.'
சரிபார்க்க ஒரு தடவை ஊதினார்.
தூரத்தில் ஒரு நாய்
திரும்பி நின்றது.