பிரேரணை பதினொன்று

மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது.
அதற்கு நேர்கீழே தவிசாளர்.
வடையும் பிளேன்ரீயும் இன்னும் வரவில்லை.
நான் எழுதுகிறேன்.
பேசுவதற்கு அவர்களுக்குப் படி உண்டு,
எழுதுவதற்கு எனக்குச் சம்பளம்.

பாலையடிக்குளத்து அணைக்கட்டருகே
பாழடைந்து கிடக்கும்
வெள்ளைக்காரன் காலத்து வாடிவீட்டை
மரபுரிமைச் சின்னமாகப் புதுப்பித்தல்.
முன்மொழிந்தவர் கௌரவ உறுப்பினர் அமலதாசன்.

"குளத்தைப் பாத்தபடி ஆறு அறை.
கொழும்பிலயிருந்து வாறவன்
மாங்குளம் தாண்டினால் எங்க ஒண்டுக்கிருக்கிறது?
சொல்லுங்கோ பாப்பம்."
சபை சிரிக்கிறது.
சிரிப்பைக் கூட்டறிக்கையில் பதிவதில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீட்டை வாசிக்கிறார்.
கூரை, முதிரை மரத்தில்.
யன்னல் பதினெட்டு.
படிக்கட்டைப் பிளந்த ஆலங்கன்றை
வேரோடு பிடுங்க இரண்டு ஆள், ஒரு நாள்.
உட்சுவர் சுரண்டிப் பூசி
இரண்டு கை வெள்ளை அடித்தல்,
ஆயிரத்து நூற்று நாற்பது சதுர அடி.

சுரண்டி
என்ற இடத்தில் என் பேனை நின்றது.

வடக்குச் சுவரை எனக்குத் தெரியும்.
மேற்கிலிருந்து சனம் உழவு மெசினிலும் நடையிலும்
வந்து வந்து போன அந்த மாரியில்
அங்கே இரவு தங்கியவர்கள்
அடுப்புக்கரியால் எழுதிவிட்டுப் போனார்கள்.

'தேவகி, நாங்கள் தருமபுரம் போறம்.'
'மாட்டை அவிட்டு விட்டிட்டம். குறை நினையாதை.'
'வல்லிபுரத்தார் ஆக்கள் ஆரும் வந்தால்
ஆஸ்பத்திரியில் கேக்கவும்.'
'யோகன், சைக்கிள் எங்களிட்டை இருக்கு.'

கடைசி வரி என் கையெழுத்து.
அப்போது 'ய'னாவின் காலை
இப்படித்தான் நீட்டி எழுதுவேன்.

அவ்வளவு எழுத்திலும்
ஒன்றுக்கு மட்டும் பதில் இருக்கிறது.
மாட்டுக்குக் கீழே, வேறொரு கையில்:
'சரி.'

"அந்தக் கரி எழுத்துகளை என்ன செய்யிறது?"
கேட்டவர் நகுலாம்பிகை.
"போட்டோ எடுத்து பிறேம் போடலாம்."
"அதைக் காட்டினால் திணைக்களம் காசு தராது."
"மரபுரிமை எண்டால் நூறு வருசம் வேணும்."
"ஆலமரத்துக்கு எத்தினை வருசம்?"
இதற்கும் சிரிப்பு. இதையும் பதியவில்லை.
"முதல் காசு வரட்டும்" என்றார் தவிசாளர்.

நான் எதிர்ப்பில்லை.
எனக்கு வாக்குமில்லை.
ஆனால் கூரை வேண்டும்.
ஒவ்வொரு மாரிக்கும் ஒரு சாண் எழுத்து
சுவரால் வழிந்து சீமெந்துத் தரையில்
கறுப்பாகத் தேங்குகிறது.
தருமபுரத்தில் 'தரு' போய்விட்டது.
புதுப்பித்தால் சுரண்டுவார்கள்.
புதுப்பிக்காவிட்டால்
மழை சுரண்டும்.

ஏகமனதாக நிறைவேறியது.
வடை வந்தது.

அன்று பின்னேரம் கணினியில் அடித்தேன்.
'உட்சுவர்' என்றதன் பின்னால்
ஒரு காற்புள்ளி.
பிறகு, யாரும் சொல்லாத மூன்று சொல்:
வடக்குப் பக்கம் நீங்கலாக.

பதினெட்டு வருட உத்தியோகத்தில்
நான் செய்த முதல் பொய்.
எழுத்துப்பிழைகூட இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில்
சென்ற கூட்டறிக்கை வாசித்ததாகக் கொள்ளப்பட்டு
ஏற்றுக்கொள்ளப்பட்டது.
தவிசாளர் கையொப்பமிட்டார்.
அவர் கண் கதவில் இருந்தது,
வடைத் தட்டு வருகிறதா என்று.

நாலு நாள் கழித்து
தொழில்நுட்ப உத்தியோகத்தர்
அறிக்கையோடு என் மேசைக்கு வந்தார்.
வவுனியாப் பெடியன்.
அந்த மாரியில் அவனுக்கு
எட்டு வயது இருக்குமோ என்னவோ.
என் மூன்று சொல்லின் கீழே
பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

"வடக்குப் பக்கமோ?"
"ஓம்."
கல்குலேற்றரைத் தட்டினான்.
ஆயிரத்து நூற்று நாற்பதை வெட்டி
எண்ணூற்று எண்பது என்று எழுதினான்.
"சரி" என்றான்.

கூரைக்கு இன்னும் கேள்வி கோரவில்லை.
புரட்டாதி பாதி போய்விட்டது.